ஆறு கட்டம் தள்ளி

"தொடாதீங்க... தள்ளி நில்லுங்க."

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தீபாவளிக்கு மறுநாள். ஏனாத்தூரில் மாலை ஐந்து மணிக்கே வானம் கறுத்துவிட்டது. வெடித்துச் சிதறிய காகிதமெல்லாம் தெருவில் ஊறிக் கிடந்தது. வாடகைக் கார் அவளையும் ஒரு பெட்டியையும் தையல்நாயகி அம்மாள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், அதற்காகவே காத்திருந்ததுபோல மழை கொட்டத் தொடங்கியது. மாடியிலிருந்து ஒருவன் குடையோடு ஓடி வந்தான். ஒரு கையால் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினான். மறு கையைப் பெட்டியின் பிடிக்குக் கொண்டு போனான். அப்போதுதான் அந்தச் சொல்.

அவன் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தான். நனைந்த இமைகளுக்கு நடுவே இரண்டு பெரிய கண்கள்... அவற்றில் இருந்தது பயம். ஆனால் அதைப் பயம் என்று அறிந்துகொள்ள அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு தையல்நாயகி அம்மாள் குரல் கொடுத்துவிட்டாள்.

"வாம்மா ரத்னமாலா. திருப்பருத்திக்குன்றம் தர்மசந்திர நயினார் பொண்ணுதானே? டேனியலு, அந்தப் பொட்டியத் தூக்கிக்கினு போய் மாடியில வையிப்பா."

"வேணாங்க. நானே தூக்கிக்கறேன்."

நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம். டேனியலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. குடையை விரித்தபடியே தரையில் வைத்தான். பின்னால் நகர்ந்தான்.

"குடையத் தொடலாம் இல்ல? அதுக்கு ஒன்னும் ஆவாது இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் மழையில் நனைந்தபடி படியேறிப் போய்விட்டான்.

அவள் குடையை எடுக்கவில்லை. என் கை பட்டுவிட்டால் பிறகு அவரிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது... என்று நினைத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு, முழுக்க நனைந்து, மாடி ஏறினாள். கீழே அந்தக் குடை தனியாக மழையில் நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்ற டேனியல், அவள் தன்னைவிட்டு விலகி நடந்து போனதையும் அந்தக் குடையையும் பார்த்தான்.

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். ரத்னமாலாவின் கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்திருந்தது. ஆவணி மாதம் அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதியை அழிக்க, சென்னையில் ஒரு மருத்துவமனையில் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். கனத்த கதவு போட்ட தனியறை, மூன்று நாள். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மகாவீரர் முக்தியடைந்த தீபாவளி விடியலில் வீட்டில் எல்லோரும் விளக்கேற்றியபோது, அவள் எலுமிச்சை மிட்டாயைச் சப்பிக்கொண்டு, யாரோ எங்கோ விட்ட வாணத்தை ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உமிழ்நீர் ஊறி ஊறி மருந்து வெளியேறவேண்டும் என்றுதான் அந்த மிட்டாய்.

வெளியே அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு வாரம் எல்லோரிடமிருந்தும் ஆறடி தள்ளி இருக்கவேண்டும். தட்டு, டம்ளர், குளியலறை எல்லாம் தனி. துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கமே போகக்கூடாது. வீட்டிலோ அக்கா கௌசல்யா ஏழு மாதம். ஆகையால்தான் இந்த ஏனாத்தூர் மாடியறை.

அப்பா தர்மசந்திரன் தொலைபேசியில் சொன்னார்:

"ஆறடி தள்ளி இரும்மா. அது டாக்டர் சொன்னது. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. அது நான் சொல்றது. கேன்சர்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா உனக்கு ஒரு வரன் வராது. உங்க அக்கா மாமியார் வீட்லயும் ஒரு மாதிரி பேசுவாங்க. பரீட்சைக்குப் படிக்கப் போயிருக்கறதா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"சரிப்பா."

மானம் பெரிது என்று நினைக்கிற குடும்பம். அப்படி நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நோயையும் மானக்கேட்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தவறு அங்கேதான் தொடங்கியது.

மாடியில் எதிரெதிராக இரண்டு வாடகை அறைகள்; ஒன்றில் டேனியல், மற்றதில் அவள். நடுவில் திறந்த கூடம். சிமெண்ட் தரையில் அடிக்கு ஒன்றாகக் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்திருந்தது. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. ஆறு கட்டம். அதற்குள் யாரும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுநாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்த டேனியல் அவளைப் பார்த்ததும் நின்றான். தரையைப் பார்த்தான். விரல்விட்டு எண்ணினான்.

"நேத்து ஆறு கட்டம் தள்ளிப் போனீங்க. இன்னிக்கி அஞ்சுதான் இருக்குது. நான் ஒன்னு பின்னால போவட்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத சிரிப்பு.

"போங்க."

நிஜமாகவே ஒரு கட்டம் பின்னால் போய் நின்றான். அவனுக்குச் சிரிப்பு முதலில் கண்ணில் வந்தது, பிறகுதான் உதட்டுக்கு இறங்கியது. அதை ஏன் கவனித்தோம் என்று அவள் தன்னையே கடிந்துகொண்டாள்.

"காலேஜில பிசிக்ஸ் லேப்ல அசிஸ்டென்ட்டா இருக்கேன். சொந்த ஊரு ஐயம்பேட்டை. நீங்க பரீட்சைக்குப் படிக்கறீங்களாமே, எந்த சென்டர்?"

"ஆன்லைன்ல..."

"காலைலர்ந்து கரன்ட்டே இல்லையேங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அதற்கு மேல் தோண்டவில்லை.

இப்படித்தான் நாட்கள் போயின. மாலையில் அவன் வேலை முடிந்து வருவான். அவள் கதவோரம் உட்கார்ந்திருப்பாள். ஆறு கட்டத்துக்கு அப்பால் அவன் சுவரில் சாய்ந்து நிற்பான். மழை பெய்துகொண்டே இருக்கும். பேச்சு அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும்... பேச்சுக்கு மட்டும் தூரம் விதிக்க யாராலும் முடியவில்லை. ஒரு நாள் நான்கு கொய்யாப்பழத்தைக் கொண்டுவந்து சரியாக மூன்றாவது கட்டத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். அவள் வந்து எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி தன் அறைக்குள் அவன் காரணமில்லாமல் சிரித்தான். தொடாதே என்று சொன்னவளைப் போய் நினைத்துக்கொண்டிருக்கிறோமே என்று உடனே வெட்கப்பட்டான்.

"இருட்டறதுக்குள்ள சாப்ட்ருவீங்களாமே. தையல்நாயகியம்மா சொன்னாங்க. பூச்சி வுழுந்துரும்னா?"

"வுழுந்தா அதோட உயிர் போயிரும்னு."

"பரவால்லியே. பூச்சிக்கே இவ்ளோ இரக்கம் காட்டறவங்க..."

அவன் முடிக்கவில்லை. அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் அவன் மனதில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் புரிந்தது. அவர் அப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறார்... சொல்லிவிடலாமா... அப்பா என்ன சொன்னார்... இன்னும் ஒன்பது நாள்தானே, அப்புறம் அவர் யாரோ, நான் யாரோ... இப்படி எண்ணி எண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்க் கேன் போடுகிறவன் கீழேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். கோயிலில் ஜெபம் முடிந்து வந்த டேனியல் அந்தக் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினான். அவளுக்காகத்தான். மூன்றாவது கட்டத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். வியர்வை வழிந்தது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அவள் குடித்துவிட்டு வைத்தது. யாருடையது என்று யோசிக்காமல் எடுத்தான். கேன் மூடியைத் திருகித் தண்ணீர் சாய்த்தான். வாயருகே கொண்டு போனான்.

"அதுல குடிக்காதீங்க!"

அறையிலிருந்து ஓடி வந்தாள். ஆறு கட்டத்தையும் மறந்து ஓடி வந்தாள். அவன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், அதைச் சுவருக்கு அப்பால் வீசினாள். கீழே குப்பைத் தொட்டியில் அது விழுந்த சத்தம் கேட்டது.

அவன் சட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா முனிரத்தினம் சின்ன வயசுல கொட்டாங்கச்சியில டீ குடிச்சவரு" என்றான் டேனியல். குரல் உயரவே இல்லை. "உனக்கு அந்த நாள் வராதுடான்னு சொல்லிச் சொல்லியே என்னப் படிக்க வெச்சாரு. வந்துருச்சுங்க."

அவள் உதடு பிரிந்தது. எனக்கு உடம்பு சரியில்லை, என் எச்சில் உங்களுக்கு ஆகாது... ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சொல்லவில்லை. அப்பாவின் கட்டளைதான் காரணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மைதான். நோய் என்று தெரிந்தால் அந்தச் சிரிக்கிற கண்ணில் இரக்கம் வந்துவிடுமோ, அருவருப்பு வந்துவிடுமோ என்ற பயம் மறுபாதி. அந்தக் கண்ணுக்குத் திமிர்பிடித்தவளாகத் தெரிந்தாலும் தெரியலாம், பழுதுபட்டவளாகத் தெரியக்கூடாது. அவள் அப்படியே பின்வாங்கிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அழுதாள். கண்ணீரிலும் அந்த மருந்து இருக்கும் என்று தாளில் போட்டிருந்தது. அழுத கைக்குட்டையைக்கூடத் தனியாகத்தான் துவைக்க வேண்டியிருந்தது.

டேனியல் அன்று மாலை அந்த டம்ளரைக் குப்பையிலிருந்து எடுத்தான். ஒரு காகிதத்தில் சுற்றித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டான். என்றைக்காவது மனசு இளகினால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டான். அவனுக்கும் மானம் உண்டு.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கதிரியக்கத்தை எண்ணும் கருவியில் பயிற்சி. எதையும் பக்கத்தில் வைக்காமல் முதலில் வெறுமனே எண்ணிப் பார்ப்பது வழக்கம். நிமிடத்துக்கு முப்பது வரும். அன்று இருநூறைத் தாண்டியது.

"டேனியல், சாம்பிள உள்ள வெச்சுப் பூட்டலையா?" என்றார் பேராசிரியர் பூவராகவன்.

"எல்லாம் ஈயப்பெட்டியிலதான் சார் இருக்குது."

கருவியின் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகத் தேடினான். ஜன்னலோரம் குறைந்தது. அலமாரிப் பக்கம் குறைந்தது. நாற்காலியில் மாட்டியிருந்த தன் தோள்பையிடம் வந்ததும் தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல அது படபடவென்று அடித்துக்கொண்டது.

பையைத் திறந்தான். காகிதத்தைப் பிரித்தான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாதுகாப்புத் தூரம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். ஆறு கட்டம். புழுக்கத்திலும் கழுத்தைவிட்டு இறங்காத துப்பட்டா. கதவோரம் கிடக்கும் எலுமிச்சை மிட்டாய்க் காகிதம். பக்கத்திலேயே வீடு இருந்தும் தனியறை. தொடாதீங்க... அந்தக் கண்ணில் இருந்த பயம் எனக்காகவா இருந்தது!

மாலையில் அவள் கதவைத் தட்டக் கையை உயர்த்தினான். உள்ளே விசும்பல் கேட்டது. கை இறங்கிவிட்டது. அவங்களே சொல்லட்டும், என்றது அவன் மானம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ற அளவுக்குக்கூட எனக்குத் தகுதி இல்லையா... அவங்களே வாயத் தொறந்து சொல்லட்டும்.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. தண்ணீர்க் கேன் மட்டும் காலையில் மூன்றாவது கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வெறுப்போடுதான் தூக்கி வருகிறார் போல என்று அவள் நினைத்தாள். இன்றைக்காவது சொல்வாளா என்று கூடத்துக்கு மறுபுறம் அவன் காத்திருந்தான். இரண்டு நல்ல மனிதர்கள் ஏழு நாளை இப்படி வீணாக்கினார்கள்.

பதினைந்தாம் நாள் கெடு முடிந்தது. தர்மசந்திரன் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. மாடிப்படியின் மேல் வந்து நின்றார். ரத்னமாலா பெட்டியோடு வெளியே வந்தாள். அதே நேரம் எதிர்க் கதவும் திறந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளு. பொண்ணு எறங்கணும்."

"தள்ளியேதான் சார் நிக்கறேன். பதினாலு நாளா."

பெரியவருக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கேன்சர் இருந்துச்சுங்க."

"ரத்னா" என்றார் அப்பா.

"இருங்கப்பா." அவள் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். குறுக்கே ஒரு சிவந்த கோடு. "அதுக்குக் குடுத்த மருந்து என் உடம்புல இருந்துச்சு. பக்கத்துல வந்தா மத்தவங்களுக்கு ஆவாது. அதான் குடையத் தொடல. அதான் டம்ளரப் புடுங்கினேன். உங்களத் தொட்டா எனக்குத் தீட்டுன்னு இல்லிங்க. என்னத் தொட்டா உங்களுக்கு எதனா ஆயிருமேன்னு..."

"தெரியும்" என்றான் டேனியல்.

உள்ளே போனான். மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தான். அதற்குள் அந்த டம்ளர். ஜாடியின் மேல் ஒட்டிய காகிதத்தில் தேதி எழுதியிருந்தது.

"லேப் மிஷின் சொல்லிருச்சு. ஒரு வாரம் ஆவுது."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவன் கண் அவளைவிட்டு நகரவில்லை. "ஒன்னே ஒன்னு கேக்கறேன். சாதியாலதான்னு நான் நெனச்சுக்கினது உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"நோயின்னு சொல்றதவிட அது லேசா இருந்துச்சா?"

தூறல் விழத் தொடங்கியது. பொய் சொல்லியிருக்கலாம். அப்பாவின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அப்பா அங்கேயேதான் நின்றார்.

"இருந்துச்சு" என்றாள். "அன்னிக்கி, அந்த நிமிஷம் லேசாத்தான் இருந்துச்சு. கதவச் சாத்தின பொறவு ஒரு நாள்கூட லேசா இல்ல."

அவன் தலையசைத்தான். வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவள் உண்மையைச் சொன்னாள் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

"நானும் ஒத்துக்கறேன். கதவுக்கு அந்தாண்ட நீங்க அழுதது கேட்டுக்கினுதான் இருந்துச்சு. தட்டாம இருந்துட்டேன். என் ரோஷம்."

அவள் நடந்தாள். ஒரு கட்டம், இரண்டு, மூன்று. கொய்யாப்பழம் இருந்த இடத்தில் வந்து நின்றாள்.

"அந்த டம்ளர ஏன் வெச்சிருக்கீங்க?"

"மொதல்ல கோவத்துல வெச்சேன். இப்ப... இதுல ஒட்டியிருக்கற மருந்து எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாவும். அப்புறம் பாதியில பாதி. நீங்க இதப் புடுங்கின நாள்லர்ந்து எம்பது நாள் போச்சுன்னா இருந்த எடமே தெரியாது."

"மனசுல இருக்கறது?"

"அது எத்தினி நாளுன்னு எந்த புக்லயும் போடலிங்க."

அவள் கண் நிறைந்தது. அவன் ஜாடியைச் சுவரின் மேல் வைத்துவிட்டு மெல்ல முன்னால் வந்தான். ஒரு கட்டம். இரண்டு. நடுவில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதோடு நின்றுகொண்டான்.

"குடைய எடுக்காம நனைஞ்சிக்கினே போனீங்களே, அன்னிலர்ந்து உங்களப் புடிச்சிருக்குது. புடிக்காதவங்க பண்ணியிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காது. அந்த எம்பது நாள் முடிஞ்சதும் வாங்க. நீங்களே இதக் கழுவி, இதுலயே தண்ணி ஊத்திக் குடுங்க. குடிக்கறேன்."

தர்மசந்திரன் முன்னால் வந்தார். பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கார் போயிற்று. முன் இருக்கையில் அப்பா. பின்னால் அவள். துப்பட்டா மடியில் கிடந்தது, கழுத்துக்குப் போகவில்லை. பட்டுக்கடைகளின் விளக்குகள் நனைந்த கண்ணாடியில் வழிந்து போயின.

"சொல்லாதன்னு சொன்னேன்."

"சொல்லாம இருந்துதாம்ப்பா ஒரு மனுஷர அவ்ளோ கீழ தள்ளிட்டேன். இப்பவும் சொல்லாம இருக்க மாட்டேன். எனக்கு அவரப் புடிச்சிருக்குதுப்பா."

பிள்ளையார்பாளையம் தாண்டியது. தறிச்சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. திருப்பருத்திக்குன்றத்துக்குத் திரும்பும் இடத்தில்தான் அவர் வாய் திறந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"மாடியில அந்தத் தம்பியத் தள்ளுன்னு சொல்லிட்டேன் இல்ல?"

"சொன்னீங்கப்பா."

வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எம்பது நாளுன்னா என்னிக்கி வருது?"

"அந்த டம்ளர் நாள்லர்ந்து எண்ணினா போகிக்கு வருதுப்பா" என்றாள் அவள். எப்போதோ எண்ணி வைத்திருந்தாள்.